படகேறு முன்

போடிநாயக்கனூரிற் பிறந்தவர்களுக்கு மலை பழகிய பொருள். நீர் பழகாத பொருள். ஊருக்கு மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைத் தொடரின் ஒவ்வொரு மடிப்புக்கும் பெயர் சொல்ல வல்ல முதியோர் எங்களிடையே பலர் உளர். ஆயின் ஆழ்ந்த நீரில் இறங்கி நாலு கை வீசி நீந்த வல்லவர் அவருள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் மிஞ்சும். ஊரை ஒட்டி ஓடும் கொட்டகுடி ஆறு மழை நாட்களிற் சிவந்த வெள்ளமாய் இறங்கி வரும். மற்றை நாட்களிற் பாறைகளுக்கிடையே நூலாய் ஒதுங்கிக் கிடக்கும். நீச்சல் பழகுவதற்கு அஃது இடங்கொடுப்பதில்லை. தோட்டத்துக் கிணறுகளிற் குதித்துப் பழகிய தலைமுறை ஒன்று இருந்தது. அத்தலைமுறையார்க்கு இப்பொழுது மூட்டுவலி. படகு என்பதோ எங்கள் சிறுவர்க்குப் பாடப் புத்தகத்திற் கண்ட படமே.

இத்தகைய ஊரார் விடுமுறை வந்தால் நீரைத் தேடியே போகின்றனர். இதில் வியப்பில்லை, இல்லாத பொருளின்மேல் அன்றோ ஆசை செல்லும்! போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கடந்து பூப்பாறை வழியாகச் சென்றால், பன்னியாற்றைத் தடுத்து உண்டாக்கிய ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே தோன்றும். யானைகள் நீருண்ண இறங்கும் துறை ஆதலின் அப்பெயர் பெற்றது. அதற்கும் அப்பால் மூணாற்றை அடுத்து மாட்டுப்பெட்டி அணையும் குண்டளை அணையும் உள. தெற்கே கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலை ஏறினால் தேக்கடி. ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த ஆண்டில் இவ்விடங்களுக்குச் செல்லும் வண்டிகளும் மிகும் என்பது எங்கள் கடைவீதியார் கணிப்பு.

எங்கள் ஊரார் நீர்மேற் காட்டும் துணிவு நீரிற் கற்றதன்று. மலைச் சாலையிற் கற்றது. விடியுமுன் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உள்ளே இடம் நிறைந்த பின்னும், “இன்னும் ஓர் ஆள் ஏறலாம், தள்ளி உட்காருங்கள்” என்பார் ஓட்டுநர். தள்ளி உட்காருவார்கள். அந்த ஓர் ஆளுக்குப் பின் மற்றோர் ஆள் வருவார். ஏறாவிடில் அன்றைக்குக் கூலியில்லை. ஆதலின் அப்பெண்களைக் குறை கூற எனக்கு வாயில்லை. ஆனால் வயிற்றுப்பாட்டிற்காகப் பழகிய அப்பழக்கம் இன்பப் பயணத்திற்கும் நம்முடன் கூடவே வந்துவிடுகின்றது. எண்ணாமல் ஏறுகிறோம், கேளாமல் அமர்கிறோம். ஜீப்பாவது பாரம் மிகுந்தால் முனகும், புகையும், ஏற்றத்தில் நின்றுவிடும். படகு முனகுவதில்லை. அதன் விளிம்புக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி நாலு விரல் குறைந்திருக்கும். அதனை நோக்குவார் இலர். ஆட்கள் ஒருபுறம் சாயும்வரை அது மிக அமைதியாகவே மிதந்து செல்லும்.

தேக்கடியில் நிகழ்ந்தது இதுவே. அந்த ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் முன்னின்று கட்டி 1895ஆம் ஆண்டில் முடித்த பெரியாற்றணையினால், மேற்கு நோக்கி ஓடிய நீர் தேங்கிக் காட்டை மூழ்கச் செய்தது. மூழ்கிய மரங்களின் பட்டுப்போன அடிகள் இன்றும் கருங்கம்பங்கள்போல் நீர்மேல் நிற்கின்றன. அந்நீரே மலையைக் குடைந்த சுரங்க வழியாய்க் கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து வைகையோடு கலக்கின்றது. எங்கள் மாவட்டத்தார் தம் பிள்ளைகளுக்கு அப்பொறியாளரின் பெயரை இட்டு அழைப்பதை இன்றும் கேட்கலாம். சோறளிக்கும் அந்நீரை நாங்கள் அச்சத்துக்குரியதாக நினைத்ததே இல்லை.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திற்குரிய ‘ஜலகன்யகா’ என்னும் ஈரடுக்குப் படகு அந்த ஏரியிற் கவிழ்ந்தது. 45 பேர் மாண்டனர். படகு பழையதன்று, ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அலைமோதும் கடலும் அன்று. கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏற்றத்தக்க தொகைக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தனர். கரையில் விலங்குகளைக் கண்டதும் அவற்றைப் பார்க்கும் ஆவலால் பலர் ஒருபுறமாக எழுந்து நெருங்கினர் என்று தப்பியவர்கள் கூறினர். படகு சாய்ந்தது, மீண்டும் நிமிரவில்லை. உயிர்காப்புச் சட்டையை, அதாவது நாம் லைஃப் ஜாக்கெட் என்று வழங்குவதை, பயணிகள் அணிந்திருக்கவில்லை.

இதன் காரணத்தை அறிய நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஏலக்காய் மூட்டைகளை ஜீப்பின் உள்ளே அடுக்கினால் வண்டி வளைவில் நிதானமாய்த் திரும்பும். அதே மூட்டைகளைக் கூரைமேற் கட்டினால் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்புறம் சாயும். மேல்தட்டில் நிற்கும் மனிதர் கூரைமேல் வைத்த மூட்டைகள் போல்வர். அன்றியும் மூட்டைகள் யானையைக் கண்டு எழுந்தோடுவதில்லை. விசாரணை பின்னர் நடந்தது. உயிர்காப்புச் சட்டை அணியாதவரைப் படகில் ஏற்றலாகாது என்னும் கட்டாயமும் அத்துறையில் வந்தது. இன்று தேக்கடிப் படகுகளைக் கரையிலிருந்து நோக்கினால் ஒரே செம்மஞ்சள் நிறமாய்த் தோன்றும்.

இஃது ஓர் ஊரின் கதையன்று. 1924ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் மலையாள மகாகவி குமாரன் ஆசான் உயிர் நீத்ததும் பல்லனையாற்றில் ஆள் மிகுந்து கவிழ்ந்த ‘ரிடீமர்’ என்னும் படகிலேயாம். நம் பழவேற்காட்டு ஏரியில் 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, உறவினர் கூடி வாடகைக்கு அமர்த்திய மீன்பிடி படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் மாண்டவரும் 22 பேர். அவருட் பலர் குழந்தைகள். ஆண்டுகள் வேறு, நீர்நிலைகள் வேறு. ஏறினவர்களை எண்ணிப் பார்ப்பார் இல்லாமை ஒன்றே பொது.

நிற்க. என் வாழ்க்கையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். அதிற் படகு கவிழவில்லை; ஒருவர்க்கும் ஒன்றும் நேரவில்லை. அதனாலேயே அதனைச் சொல்லத் தோன்றுகிறது.

2014ஆம் ஆண்டு மே மாதம். என் அக்காளும் அத்தானும் அவர்களுடைய மூன்று குழந்தைகளும், அத்தானின் தம்பியும் அவர் மனைவியும், நானும் என் மனைவியும் ஆக ஒன்பது பேர் மலைமேல் உள்ள ஒரு நீர்த்தேக்கத்திற்குச் சென்றோம். அவ்விடத்தின் பெயரை இங்கே சொல்ல வேண்டுவதில்லை. அத்தான் முன்னதாகவே சென்று விசைப்படகொன்றுக்குப் பணம் கட்டிச் சீட்டும் பெற்றுவிட்டார். படகின் பக்கத்தில் ஆறு பேர் ஏறலாம் என்று வண்ணத்தால் எழுதியிருந்தது. எழுத்து பாதி அழிந்திருந்தது. “குழந்தைகளை ஆள் கணக்கிற் சேர்ப்பதில்லை, சார்” என்றார் படகோட்டி. நல்ல மனிதர், முகத்திற் சிரிப்பு மாறவில்லை. பெரியவர்களுக்கான உயிர்காப்புச் சட்டைகள் ஆறு இருந்தன. குழந்தைகளுக்கு உரியது ஒன்றே ஒன்று. அஃது என் அக்காளின் கடைக்குட்டிக்குச் சரியாய் இருந்தது. மற்ற இருவருக்கும் பெரிய சட்டையையே மாட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடலாம் என்றார்.

என் மருமகனுக்கு அப்பொழுது எட்டு வயது. அவனுக்கு அப்பெரிய சட்டையை மாட்டினார்கள். நான் அவன் முன் குனிந்து, சட்டையின் இரு தோள்களையும் பற்றி மேலே தூக்கினேன். சட்டை அவன் காதுவரை ஏறிற்று. பையன் நின்ற இடத்திலேயே நின்றான். குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தனர். நீரில் விழுந்தால் நடப்பதும் அதுவே: சட்டை மிதக்கும், உள்ளிருப்பவன் கீழே நழுவுவான்.

“நாம் இரண்டு முறையாகப் போகலாம், குழந்தைகளுக்கு அளவான சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள், அத்தான்” என்றேன்.

“பணம் கட்டியாயிற்று, மாப்பிள்ளை. பத்து நிமிடக் காரியம். இப்படி எல்லாவற்றுக்கும் பயந்தால் நம் ஊரில் எவன் ஜீப் ஏறுவான்?” என்றார் அவர்.

அவர் என்னினும் பதினைந்து வயது மூத்தவர். என் படிப்புக்குப் பொருளுதவி செய்தவர். அவர் சொல்லை நான் அதுவரை மறுத்ததில்லை. அக்காள் நிலத்தை நோக்கி நின்றாள். படகோட்டி வேறிடத்தில் சிறிய சட்டை இருக்கிறதா என்று பார்க்க ஆளனுப்பினார்; அரைமணி கழிந்தது; வந்தவன் வெறுங்கையோடு வந்தான். அதற்குள் மேற்கே மேகம் திரண்டு காற்றும் எழுந்தது. மலைமேல் உள்ள நீர்த்தேக்கங்களில் பிற்பகற் காற்று எச்சரிக்கையின்றி வரும். கண்ணாடிபோற் கிடந்த நீர் கால்மணி நேரத்திற் சுருங்கி நெளியும். “பிள்ளைகள் ஏறவேண்டா” என்று நான் சொல்லிவிட்டேன். அத்தான் ஒன்றும் பேசாமல் வண்டியை நோக்கி நடந்தார். பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

எங்கள் இடத்தில் வேறொரு குடும்பத்தார் ஏறினர். அவர்களிடமும் சிறுவர் இருவர், அதே பெரிய சட்டைகள், அதே கயிறு. நாங்கள் கரையில் அமர்ந்து எலுமிச்சைச் சோறு உண்டுகொண்டிருந்தபோது அவர்கள் அரைமணியிற் சிரித்துக்கொண்டே திரும்பி வந்திறங்கினர். என் மருமகன் அதனை முழுதும் பார்த்துக்கொண்டிருந்தான். “அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, மாமா?” என்றான். எட்டு வயதுப் பையனுக்குச் சொல்லத் தக்க விடை என்னிடம் இல்லை. பின்னர் ஊர் வந்து சேரும்வரை அவன் என்னோடு பேசவில்லை. அத்தானோ, நான் சட்டையைப் பிடித்துப் பையனைத் தூக்கிய கதையைக் குடும்பத்துக் கலியாணங்களில் எல்லாம் நடித்துக் காட்டினார்.

அச்சிறுவனுடைய கேள்வியை நான் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்ததுண்டு. ஆள் மிகுந்த படகுகளிற் பெரும்பாலானவை கரை சேர்ந்தே விடுகின்றன. அங்ஙனம் சேராவிடில் நாம் எல்லோரும் என்றோ எச்சரிக்கை பெற்றிருப்போம். கரை சேரும் ஒவ்வொரு படகும் அடுத்த படகில் இன்னும் ஓர் ஆள் ஏறலாம் என்று சான்று கூறுகின்றது. மறுத்து நின்றவனுக்கோ ஒரு சான்றும் கிடைப்பதில்லை. அவன் காத்த உயிர் எது என்று அவனுக்கே தெரியாது. அவன் இழந்த பணம் மட்டும் எல்லோர்க்கும் தெரியும். மறுத்தவன் இந்நிலையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். படகு வாடகைக்கு எடுப்பவன் ஆராய வேண்டுவன அனைத்தும் கரையில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் அடங்கும். எத்தனை பேருக்கு அனுமதி, சட்டைகள் எத்தனை, வார்கள் பூட்டுகின்றனவா, ஓட்டுபவர் யார், காற்று எத்திசை, படகு நின்றுபோனால் மீட்க மற்றொரு படகு உண்டா என்று கேட்டல் வேண்டும். இயந்திரப் படகுகளுக்குப் பதிவும், ஆய்வுச் சான்றும், ஓட்டுபவர்க்குத் தகுதிச் சான்றும் வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலச் சட்டம் விதித்துள்ளது. ஆதலின் சான்றைக் காட்டுக என்று கேட்பது குற்றமன்று. இதனை வணக்கமாகவே கேட்கலாம். கேட்டதற்குச் சினப்பவரிடம் படகு எடுக்காமற் போவது நலம்.

அம்மருமகன் இப்பொழுது சென்னையில் ஒரு பொறியியற் கல்லூரியிற் படிக்கிறான். 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நான் அங்குச் சென்றிருந்தபோது, வாட்டர் ஸ்கூட்டர் ஏறவேண்டும் என்று என்னையும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துக் கழிமுகத் துறை ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். ஜெட் ஸ்கீ என்று வழங்குவதும் இதனையே. அப்பெயர் ஜப்பானியக் கவசாகிக் குழுமம் 1970களின் தொடக்கத்தில் விற்கத் தொடங்கிய வண்டிக்கு இட்ட வாணிகப் பெயராம்.

இவ்வண்டியின் அமைப்பை அறியாது ஏறுதல் தகாது. இதற்குப் படகுபோல் வெளியே சுழலும் விசிறி இல்லை. அடிப்புறத்து வாயின் வழியே நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் தகட்டினால் விசையேற்றிப் பின்புறக் குழாய் வழியே பீறிடச் செய்கின்றது. அவ்வீச்சே வண்டியை முன்னே தள்ளுகின்றது. அவ்வீச்சைத் திருப்பியே வண்டியும் திரும்புகின்றது. சுக்கானோ பிரேக்கோ பெரும்பாலும் இல்லை. இங்கேதான் தரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய நம் இளைஞர்க்கு ஆபத்து உளது. எதிரே படகோ பாறையோ கண்டால் அவர்கள் கை தானாகவே விசையைத் தளர்த்தும். விசை தளர்ந்தால் நீர்வீச்சு இல்லை. வீச்சு இல்லையேல் கைப்பிடியை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி நேரே சென்று மோதும். சிறிது விசை கொடுத்துக்கொண்டே திரும்புதல் வேண்டும். இது கைப்பழக்கத்திற்கு முற்றிலும் மாறானது. ஆதலின் இடம் அகன்ற நீரில், மெதுவான ஓட்டத்தில், முதலிற் பழகாமல் விரைதல் கூடாது. உறிஞ்சும் வாயில் நீண்ட கூந்தலும், துப்பட்டாவும், தளர்ந்த கயிறும் இழுபடும். பின்புறக் குழாய்க்கு அருகில் விழுந்தவர்க்கு அவ்வீச்சே காயம் செய்யும். வேட்டியுடன் ஏறலாமா என்று நான் கேட்டதற்குத் துறைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கேள்வி அவ்வளவு மோசமானதன்று என்பது என் எண்ணம்.

மருமகன் பணம் கட்டுமுன் வண்டியைச் சுற்றி வந்து அதன் பழைய கீறல்களைக் கைப்பேசியிற் படமெடுத்துக்கொண்டான். பின்னர் அவற்றுக்கு நம்மிடம் விலை கேளாதிருத்தற் பொருட்டாம். எரிபொருள் எவ்வளவு உளது என்று பார்த்தான். தன் சட்டையின் வார்களைப் பூட்டியபின், இரு தோள்களையும் தானே பற்றி மேலே இழுத்துப் பார்த்தான். என் பக்கம் திரும்பவில்லை. ஓட்டுபவன் மணிக்கட்டிற் பூட்டும் சுருள் கயிறு ஒன்று உண்டு; அவன் நீரில் விழுந்தால் அக்கயிறு பிடுங்கிக்கொண்டு இயந்திரம் நின்றுவிடும்; இன்றேல் ஆளில்லா வண்டி தொலைவிற் போய்விடும். “ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள், அண்ணா” என்றான். அவர் இழுத்தார், இயந்திரம் உடனே நின்றது. கவிழ்ந்தால் எப்பக்கமாகப் புரட்டுவது என்று கேட்டான். வண்டியின் பின்புறத்தில் ஒட்டியிருந்த அம்புக்குறியை அவர் காட்டினார். நீராடுவோர் இருந்த பக்கத்தையும், வலை விரித்திருந்த பக்கத்தையும் கேட்டறிந்து ஒதுக்கினான். துறைக்காரர் ஒருவர் பின்னிருந்து வழிகாட்ட, அவன் மெதுவாய்ப் புறப்பட்டு, இரண்டு சுற்றுக்குப் பின் வேகமெடுத்தான்.

நானும் ஒரு சுற்றுச் சென்றேன். ஓட்டவில்லை, துறைக்காரரின் பின்னே அமர்ந்தேன். மலையில் வண்டி ஏறும்போது நாம் இருக்கையில் ஒட்டிக்கொண்டிருப்போம். இங்கோ உடல் முழுதும் நீர் தட்டித் தட்டி எறியும் பந்துபோல் ஆகிவிடுகின்றது. உப்பு நீர் கண்ணிற் பாய்ந்தது. நான் உரக்கச் சிரித்தேன் என்று பின்னர்ச் சொன்னார்கள். நீரைத் தேடி எங்கள் ஊரார் ஏன் இத்தனை மலை ஏறிப் போகிறார்கள் என்பது எனக்கு அன்று நன்கு விளங்கிற்று.

அன்றிரவு போடி ரயிலிற் புறப்படுமுன் மருமகன் தன் தந்தைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் விரித்துரைத்தான். கயிற்றை இழுத்துக் காட்டச் சொன்னதையும் சொன்னான். அத்தான் பொறுமையுடன் கேட்டுவிட்டு, “எவ்வளவு வாங்கினான்?” என்றார்.